முதலில் கவிழ்த்துப் பாருங்கள்: பழம்பொருள் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘இது எவ்வளவுக்குப் போகும்?’ என்றே முடிகின்றன. கூடவே ஒரே ஒரு படம், அதுவும் முன்பக்கம். அதை வைத்து விலை சொன்னால் அது ஜோசியம். ஒரு சாமானின் வயதும் ஊரும் அதன் அடியில், முதுகில், மூடியின் உட்பக்கத்தில்தான் இருக்கும். அடுத்த தடவை அந்தப் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். அப்புறம், அது உங்கள் வீட்டுக்கு வந்த விவரத்தை நாலு வரி எழுதுங்கள்: யார் வாங்கியது, எந்த ஊரில், எதற்காக. விலையைவிட எனக்கு அந்த நாலு வரிதான் பெரிது. அது தெரிந்தவர்கள் ஒரு வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு.

தேவகோட்டை வாசகி: ஆச்சி, எங்கள் அப்பத்தா வீட்டுச் சாமி அறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட லட்சுமி படம் இருக்கிறது. புடவை முழுக்க ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் ரவிவர்மா பெயர் தெரிகிறது. அவர் கையால் வரைந்ததா? ஜிகினாவை எடுத்துவிட்டால் படம் பளிச்சென்று ஆகுமா?

ஜிகினாவில் கை வைக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் இருப்பது அச்சுப்படம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லாவுக்குப் பக்கத்தில் மலவ்லிக்கு மாறியது. கடன் நெருக்கடியில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் அதை வாங்கிக்கொண்டார். ரவிவர்மா 1906-ல் காலமானார். அதற்கப்புறமும் பல காலம் அவர் பெயரில் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. ஆகவே பெயரை மட்டும் பார்த்து வயதை முடிவு செய்ய முடியாது. படத்தின் அடி ஓரத்தில், சட்டத்துக்குள் பாதி மறைந்து ஒரு வரி இருக்கும். ‘ரவிவர்மா பிரஸ், கார்லா–லோனாவ்லா’ என்று இருந்தால் அச்சகம் அங்கே போன பிறகு வந்த படம்.

அடுத்து, கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் புள்ளி வைத்து அச்சடித்தார்கள். கையால் வைத்த புள்ளி என்பதால் சிறிதும் பெரிதுமாக, நெருங்கியும் விலகியும் இருக்கும். பின்னாளில் வந்த ஆப்செட் மறு அச்சுகளில் புள்ளிகள் நேர்ப்புள்ளிக் கோலம் மாதிரி ஒரே இடைவெளியில் வரிசை கட்டி நிற்கும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜரிகை விஷயத்துக்கு வருகிறேன். படத்தை வாங்கி வந்து, பழைய பட்டுப்புடவை ஜரிகையும் வெல்வெட் துணியும் மணியும் வைத்து அம்மனுக்குச் சேலை உடுத்துவது வீட்டுப் பெண்கள் விரும்பிச் செய்த கைவேலை. அச்சகத்திலிருந்து ஒரே மாதிரி எத்தனையோ படங்கள் வந்திருக்கும். உங்கள் அப்பத்தா வீட்டு லட்சுமிக்கு இருக்கிற சேலை வேறு எந்தப் படத்திலும் இருக்காது. சேகரிப்பவர்களும் இப்போது அப்படிப்பட்ட படங்களைத்தான் தேடுகிறார்கள்.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியின் வெளியே இருக்கும் குங்குமத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் தெளித்தால் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். பின்பலகைக்கு அடியில் செய்தித்தாள் வைத்திருந்தால் அதன் தேதியைக் குறித்துக்கொண்டு, தாளை ஒரு உறையில் போட்டுத் தனியாக வையுங்கள். சட்டம் போட்ட வருஷத்துக்கு அதுவே சாட்சி.

மதுரை வாசகர்: 1818-ஆம் வருஷத்து கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் அனுமார். கோடிக்கணக்கில் போகும் என்கிறார்களே, அம்மா?

போகாது. அது கம்பெனி நாணயமே இல்லை. பிற்காலத்தில் யாரோ அடித்து விற்ற வில்லை. சாமி உருவம், 1818, கம்பெனி பெயர் மூன்றும் சேர்ந்து வந்தாலே அந்த ரகம்தான். கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் பொதுவான நாணயம் கொண்டுவந்தது 1835-ல். அதுவரை சென்னை, வங்காளம், பம்பாய் என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரிக் காசைக் காட்டித்தான், அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் அபூர்வ சக்தி கொண்ட ‘இரிடியம் செம்பு’ என்று ஆசை காட்டி எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். பழைய நாணயத்துக்கு லட்சம் தருகிறோம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்கும் மோசடியும் நடக்கிறது. அந்த வங்கியே 2021-ல் எச்சரிக்கை வெளியிட்டது. உங்களிடம் வாங்க வருகிறவர் உங்களிடமே பணம் கேட்டால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

நாணயத்தில் ஆர்வம் இருந்தால் விக்டோரியா ரூபாயிலிருந்து தொடங்கலாம். அதில் விக்டோரியா பெயரோடு 1876 வரை ‘குயின்’ என்றும், 1877 முதல் ‘எம்ப்ரஸ்’ என்றும் இருக்கும். எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைக் கண்டால் மேலங்கியை உற்றுப் பாருங்கள். அதில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அந்த நாணயத்தைத் திரும்பப் பெற்று அடுத்த வருஷம் யானையைத் திருத்தி அடித்தார்கள். எந்த நாணயமானாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

கோட்டையூர் வாசகர்: ஆச்சி, எங்கள் பொது வீட்டைப் பிரித்து இறக்குவது என்று பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். மரமும் பூக்கல்லும் பழைய சாமான்களும் ஏராளம். எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது?

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். வீட்டை வைத்திருக்க முடியாத நிலைமை எனக்குத் தெரியும். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பங்கு, ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் செலவு. உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆசாரி கடப்பாரையோடு வருவதற்கு முன்னால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வாரத்தில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒவ்வொரு இடமாகப் படம் எடுங்கள். தூணைத் தனியாகவும், தூண் நிற்கும் இடத்தோடும் எடுங்கள். நீளம் அகலம் அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, இந்த அறை எந்தப் புள்ளியுடையது (எந்தக் குடும்பத்துடையது), இந்தக் கதவு யார் கல்யாணத்தின்போது போட்டது, தேக்கு பர்மாவில் ரங்கூனிலிருந்து வந்ததா மோல்மீனிலிருந்து வந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்ததோடு, அங்கே வியாபாரம் செய்த நம்மவர்களின் கணக்குப் புத்தகங்கள் பல அங்கேயே போய்விட்டன. வீடுதான் மிச்சமிருக்கும் கணக்கு. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் ஒரு தெருவிலாவது ஒரு வீடு இறங்குகிறது.

சுவரில் பதித்த பூக்கல்லைப் பற்றி, அதாவது பூப்போட்ட ஓடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஜப்பான் கல் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே உடைந்த ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். சுண்ணாம்புக் காரையை மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டினால் அடியில் கட்டம் கட்டமான புடைப்பு, அதன் நடுவே ‘மேட் இன் ஜப்பான்’ என்ற எழுத்து, சில சமயம் ‘டான்டோ கைஷா’ என்ற கம்பெனிப் பெயர். அது அவாஜி தீவில் இருந்த ஓட்டுத் தொழிற்சாலை. 1910-களிலிருந்து 1930-கள் வரை இங்கிலாந்து ஓடுகளைப் பார்த்து ஜப்பானில் செய்து குறைந்த விலைக்கு உலகம் முழுக்க அனுப்பினார்கள். நம் சாமி படம் போட்ட ஓடுகளையும் இந்தியச் சந்தைக்கென்றே செய்தார்கள். இங்கிலாந்து ஓடென்றால் பின்னால் ‘மின்டன்’ போன்ற பெயரும் ஸ்டோக் ஊர்ப் பெயரும் இருக்கும்.

சுண்ணாம்புக் காரையில் பதித்த கல்லைப் பொறுமையாக எடுத்தால் முழுசாக வரும். இடையில் யாராவது சிமென்ட் வைத்துப் பூசியிருந்தால் பெரும்பாலும் உடையும். ஓரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எடுத்த கல்லின் பின்னால் ஒட்டியிருக்கும் காரையை முழுவதும் சுரண்ட வேண்டாம். அது பழைய சுவரிலிருந்து வந்தது என்பதற்கு அந்தக் காரைதான் அத்தாட்சி.

விற்பதானால் நிலை, கதவு, மேலே உள்ள சூரியப்பலகை மூன்றையும் சேர்த்து ஒரே ஆளிடம் கொடுங்கள். லட்சுமி செதுக்கிய பலகையை மட்டும் அறுத்துக் கேட்பார்கள், சம்மதிக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நாலைந்து கடையிலாவது விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 100 வருஷம் தாண்டிய மரச்சிற்பம் சட்டப்படி தொல்பொருள். வாங்குகிறவரிடம் தொல்லியல் துறையின் உரிமம் இருக்கிறதா என்று கேட்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

வைத்துக்கொள்வது எது என்று கேட்டால், பெயர் வெட்டிய பாத்திரங்களைச் சொல்வேன். அண்டாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாக விலாசம் வெட்டியிருக்கும் பாருங்கள், அதை எடைக்குப் போடாதீர்கள். பங்காளிக்கு ஒன்றாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி வாசகி: பழைய சிங்கர் தையல் மிஷினில் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம். 3 லட்சம் தருவதாக ஒருவர் வந்து போகிறார்.

சிவப்புப் பாதரசம் என்று ஒன்று தையல் மிஷினில் கிடையாது. இதே வதந்தி 2009-ல் சவுதி அரேபியாவில் பரவி, ஜனங்கள் பழைய சிங்கர் மிஷினைத் தேடித் தேடி வாங்கினார்கள். இன்னொரு நாள் அதே ஆள் பழைய வால்வு ரேடியோவைக் கேட்டு வருவார். வீட்டுக்குள் விடாதீர்கள்.

உங்கள் மிஷினின் அடித்தட்டில் வலப்பக்கம் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அதை வைத்து எந்த வருஷம், எந்தத் தொழிற்சாலை என்று கண்டுபிடிக்கலாம். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் 1885 முதல் 1980 வரை இயங்கிய தொழிற்சாலையிலிருந்து ஏராளமான மிஷின்கள் உலகெங்கும் போயின. நிறையச் செய்ததால் விலை அதிகம் வராது. எண்ணெய் போட்டுத் தைத்துக்கொண்டிருங்கள். தங்க நிறப் பூவேலையின் மேல் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணம் வாசகி: அம்மா, நீங்கள் எனாமல் சாமான் சேகரிப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். என்னிடம் வெள்ளை அடுக்கு, நீல விளிம்பு போட்ட டிபன் கேரியர் இருக்கிறது. எந்த நாடு, எந்தக் காலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் அடுக்கடுக்காக எனாமல் சாமான் இருந்ததற்குக் காரணம் பர்மா, மலாயா வியாபாரம். கொண்டுவிற்கப் போனவர்கள் திரும்பும்போது வாங்கி வந்தார்கள். பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது வரிசையாகப் பரப்பி வைத்தார்கள்.

ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் முத்திரை இருந்தால் நாட்டின் பெயரே காலத்தைச் சொல்லும். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு பிறந்தது 1918-ல். ஆகவே அந்தப் பெயர் இருந்தால் அதற்கு முந்தியது ஆகாது. ‘ஆஸ்திரியா’ என்று இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு உண்டு. ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்று இருந்தால் போருக்குப் பிறகு அமெரிக்கா அங்கே இருந்த காலம், 1952-க்குள். சுவீடன் சாமான் என்றால் பெரும்பாலும் கொக்கும்ஸ் கம்பெனி. கனமாக இருக்கும், விளிம்பு ஒழுங்காக உருண்டிருக்கும். என்னுடைய அலமாரியில் மேல்தட்டு முழுவதும் அதுதான்.

முத்திரை தேய்ந்திருந்தால், உடைந்த இடத்தைப் பாருங்கள். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் பூசிய கண்ணாடி. முதல் பூச்சு கருநீலம் அல்லது கறுப்பு. இரும்பைப் பிடித்துக்கொள்வதற்காக அதில் கோபால்ட் சேர்ப்பார்கள். அதன் மேல் வெள்ளை. பெயர்ந்த இடத்தில் வெள்ளை, கருநீலம், இரும்பு என்று மூன்று வளையம் தெரியும். பல வருஷப் புழக்கத்தில் பெயர்ந்த இடம் கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகி, துரு கருத்துப் போயிருக்கும். பழசாகக் காட்டுவதற்காக இப்போது சுத்தியலால் தட்டிய இடத்தில் விளிம்பு கூர்மையாகவும் துரு ஆரஞ்சாகவும் இருக்கும். எங்கே பெயர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். கேரியர் என்றால் கம்பி உரசும் காதுப் பக்கமும் அடுக்கு அமரும் விளிம்பும் முதலில் போகும். யாரும் தொடாத வயிற்றுப் பகுதியில் மட்டும் அழகாக நாலு இடத்தில் பெயர்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுக்குகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். மேல் அடுக்கின் நீலமும் அடி அடுக்கின் நீலமும் வேறு வேறாக இருந்தால் இரண்டு கேரியரைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். கம்பியின் வளைவு கடைசி அடுக்கு வரை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும்.

பழைய சிவப்பு, மஞ்சள் எனாமலில் காட்மியம் போன்றவை இருக்கலாம். பெயர்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்போ ரசமோ வைக்காதீர்கள். வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினால் இரும்பு ஒரு அளவு விரியும், கண்ணாடி ஒரு அளவு விரியும், பூச்சு தெறித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, அடுக்குகளுக்கு நடுவே பருத்தித்துணி வைத்து அடுக்குங்கள்.

சேலம் வாசகர்: பித்தளைச் சாமானைப் பளபளவென்று தேய்க்கலாமா?

சமைக்கிற பாத்திரம் என்றால் தாராளமாகத் தேயுங்கள். உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பூச்சு போயிருந்தால் கலாய்க்காரரைக் கூப்பிட்டு, நவச்சாரம் போட்டுச் சூடேற்றி மறுபடி பூசச் சொல்லுங்கள். அவர் வைத்திருப்பது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் விஷம்.

சேகரிப்பில் வைக்கும் சாமான் என்றால் பழுப்பு நிறத்தை விட்டுவிடுங்கள். பச்சையாகத் தூள் தூளாக உதிரும் களிம்பை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் நீக்கி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். தேய்க்கத் தேய்க்க வெட்டிய பெயரும் உளி தடமும் மழுங்கும்.

கோயம்புத்தூர் வாசகர்: ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பித்தளைப் புனல் வைத்த எச்.எம்.வி. கிராமபோன் வாங்கினேன். பாடுகிறது. நிஜமா? வீட்டில் இருக்கும் பழைய இசைத்தட்டுகளை எப்படித் துடைப்பது?

நீங்கள் அனுப்பிய படத்தில் பெட்டி புது மரம், பாலிஷ் ஒரே நிறம், நாய் படம் போட்ட தகடு புத்தம் புதுசு. இவை பழைய கையடக்கப் பெட்டிகளின் மோட்டாரை எடுத்து, புதுப் பெட்டியில் பொருத்தி, பித்தளைப் புனல் மாட்டி விற்பவை. அந்தக் காலப் புனல் பெரும்பாலும் தகரத்தில் வண்ணம் பூசியது அல்லது மரம். புனலைத் தாங்கும் பின்கையைப் பாருங்கள். பழையதில் வார்ப்பு நேர்த்தியாக இருக்கும், இதில் வளைந்த குழாயைப் பற்றவைத்த தடம் தெரிகிறது. வீட்டு அலங்காரத்துக்கு நல்ல சாமான்தான். ஆனால் தட்டைப் போடாதீர்கள். அந்தக் கனமான கை தட்டின் வரியை அரித்துவிடும்.

தட்டுகள்தான் உங்கள் சொத்து. கே.பி.சுந்தராம்பாள், கிட்டப்பா தட்டுகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிட்டப்பா 1933-லேயே காலமாகிவிட்டார். அந்தக் குரல் நமக்குக் கிடைத்தது இந்தக் கறுப்புத் தட்டுகளால்தான். 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட், சானிடைசர், கொலோன் எதுவும் படக் கூடாது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள், அதே கதைதான் தட்டுக்கும். நடுவில் இருக்கும் காகிதம் நனையாமல், ஒரு சொட்டு மிதமான சோப்பு கலந்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, வரி ஓடும் திசையிலேயே துடையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். நல்ல கருவி கிடைத்தால் இரும்பு முள்ளை ஒரு பக்கம் பாடியதும் மாற்றிவிடுங்கள்.

நாகர்கோவில் வாசகி: தாத்தா வைத்தியர். அவருடைய ஓலைக்கட்டு இரண்டு பரணில் கிடைத்தன. பூச்சி அரித்திருக்கிறது. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஆற்றில் விட்டுவிடச் சொல்கிறார் மாமா.

தயவுசெய்து விடாதீர்கள். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டு நாம் இழந்தது கொஞ்சமல்ல. கயிற்றை இழுத்துப் பிரிக்க வேண்டாம், மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டாம். வெள்ளைப் பருத்தித்துணியில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகால் நூலகமும் இருக்கின்றன. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன. உங்களுக்கு எது வசதியோ அங்கே கடிதம் எழுதிக் கேளுங்கள். ஏட்டை நெகிழவைக்க அவர்கள் புல்தைல எண்ணெய் போடுவார்கள், மை தடவி எழுத்தைத் துலக்குவார்கள். அந்த வேலை பழகிய கைக்குரியது. சுவடிக்குச் சட்டத்தில் 75 வருஷமே கணக்கு. அதைத் தாண்டியது தொல்பொருள் ஆகலாம், வெளிநாட்டுக்காரர் கேட்டால் கொடுக்கக் கூடாது.

தாத்தா எந்த ஊரில் வைத்தியம் பார்த்தார், எந்த நோய்க்குப் பெயர் பெற்றவர், யாரிடம் கற்றார் என்று மாமாவிடமே கேட்டு எழுதி, ஓலையோடு சேர்த்துக் கொடுங்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: கடைகால் தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்; தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்தால் போய்ச் சேரும். அரசு எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர அந்தச் சட்டம் வழி செய்கிறது. மறைத்தால் தண்டனை உண்டு. காசைக் கழுவாதீர்கள், பானை ஓட்டை எறியாதீர்கள். எந்த ஆழத்தில் கிடைத்தது என்று அளந்து வையுங்கள்.

சென்னை வாசகி: சிகாகோவில் இருக்கும் அண்ணன் மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எங்கள் கொள்ளுப்பாட்டியின் பாவை விளக்கை அனுப்பலாமா?

1972-ல் இயற்றி 1976 முதல் நடப்பில் இருக்கும் தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அன்பளிப்பாகவும்தான். கொள்ளுப்பாட்டி காலம் என்றால் நூறு தாண்டியிருக்கும். வயது குறைவு என்று நினைத்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்பலாம். உலோகச் சிற்பங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது, அதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்டிருக்கிறீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலிலிருந்து திருடுபோன நடராஜர், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் போய் நின்றார். 2008-ல் அவர்கள் கொடுத்த விலை 50 லட்சம் டாலருக்கு மேல். 2014-ல்தான் திரும்பி வந்தார். அதை நினைத்தால் இந்த விதிகள் எனக்குச் சிரமமாகத் தெரியவில்லை. அண்ணன் மகனுக்கு நாச்சியார்கோவிலில் புது விளக்கு ஒன்று வாங்கி அனுப்புங்கள், அத்தை சீராக இருக்கட்டும்.

புதுக்கோட்டை வாசகர்: என் சேகரிப்பு வெறும் காகிதம். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பஸ் டிக்கெட், தீப்பெட்டிப் படம். வீட்டில் குப்பை என்கிறார்கள்.

உங்கள் பக்கத்து ஊர்க்காரர் கோட்டையூர் ரோஜா முத்தையா இதே காகிதங்களைத்தான் சேர்த்தார். புத்தகத்தோடு புத்தகமாக நோட்டீஸும் அழைப்பிதழும் சேர்ந்தன. அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-ல் அந்தத் தொகுப்பு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆனது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கே போகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னால் பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் வேண்டாம், நாளானால் பழுப்பேறிக் காகிதத்தை எரித்துவிடும். ஸ்டேப்ளர் கம்பியையும் குண்டூசியையும் துருப்பிடிப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தாளையும் தனி உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று எழுதுங்கள். பேனா மை ஊறும். நாடக நோட்டீஸ்களில் தேதி இருக்கும், வருஷம் இருக்காது. கிழமையும் தேதியும் சேர்ந்து வரும் வருஷங்களைப் பழைய பஞ்சாங்கத்தில் தேடினால் பட்டியல் குறுகும். நடிகர் பெயரையும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் வந்து நிற்கும். அந்த நோட்டீஸ்களின் படத்தை எனக்கும் அனுப்புங்கள், முன்பின் இரண்டு பக்கமும்.